விண்ணகக் குடியுரிமை

நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது 1885-ஆம் ஆண்டிலாகும். கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேல், பனியும் குளிரும் சூழ்ந்த அம்மலைகளிலிருந்து அன்று தொட்டுத் தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தை நோக்கி இறங்கலாயின. அத்தேயிலையைப் பறித்தவர்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் உழைத்தார்கள்; மக்களைப் பெற்றார்கள்; அம்மலைகளிலேயே மாண்டார்கள். மாண்டவர்கள் எங்கே துயில்கின்றனர் என்று தேடப் புகுந்தால், மலையகத்தில் இரு வகைப் புதைகுழிகளைக் காண்கிறோம்.

முதல் வகை, தேவாலயங்களின் முற்றத்தில் உள்ளது. நுவரெலியாவில் 1852-இல் அர்ப்பணிக்கப்பட்ட திரித்துவ ஆலயத்திலும், டிக்கோயாவில் 1878-இல் எழுந்த வார்லி ஆலயத்திலும் வெள்ளைத் தோட்டத் துரைமாரின் காலத்துச் சின்னங்களை இன்றும் காணலாம். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில், புகைப்படக் கலையை உலகுக்கு உயர்த்திக் காட்டிய ஜூலியா மார்கரட் கமரூன் அம்மையார் துயில்கிறார். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் மறைந்த அவருடைய கல்லறையைத் தேடிப் பிற நாட்டாரும் வருகின்றனர். இத்தகைய கல்லறைகளில் பெயர் உண்டு. பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு. மறுமை பற்றிய நம்பிக்கைச் சொல்லும் உண்டு.

இரண்டாம் வகைக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வருகையில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வீழ்ந்தவர்கள் வழியோரத்திலேயே புதைக்கப்பட்டனர். தோட்டம் வந்து சேர்ந்தோரிலும் எண்ணற்றோர் தேயிலைச் செடிகளின் அடியில் மண்ணோடு மண்ணாயினர். நானுஓயாவிலிருந்து புகையிரதத்தில் சிறிது தூரமே கீழிறங்கினால் வரும் வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை, நினைவுக் கல்லோ மலரோ இன்றித் தேயிலையின் கீழ் உறங்கும் அம்முன்னோரையே தம் ஆங்கிலக் கவிதையில் நினைந்து இரங்கினார்.

இவ்விரு வகைக் குழிகளின் மீதும் ஒரே வேதநூலின் சொற்கள் ஓதப்பட்டதுண்டு. தோட்டத் தமிழர்களுள் பெரும்பாலோர் சைவ வைணவ மரபினராயினும், கிறிஸ்தவர்களும் தொடக்கம் முதலே அவர்களிடையே இருந்தனர். 1854-இல் தோட்டத் தொழிலாளருக்கென ஆங்கிலத் திருச்சபையின் தமிழ் மிஷன் ஒன்று தொடங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயங்களுக்குச் சென்று போதித்தனர். துரையின் உடலை மண்ணில் இறக்கியபோதும், தொழிலாளியின் உடலை இறக்கியபோதும், இறந்தவர் இறைவனுடைய மகிமையில் பங்குபெறுவார் என்னும் ஒரே நம்பிக்கையே கூறப்பட்டது. கல்லறையில் இத்துணை வேற்றுமை வைத்த மனிதர், மறுமையில் வேற்றுமை இல்லை என்று ஓதினார்கள். அந்நம்பிக்கையின் பொருள் யாது? அஃது உயிரோடிருப்போரிடம் எதனைக் கேட்கிறது?

நம் அயல் வீட்டார் எதனை நம்பித் தம் பிள்ளைகளை மண்ணில் விதைக்கின்றனர் என்று அறிவது சைவ மாணாக்கருக்கும் தகும். நல்லூர் ஆறுமுக நாவலர் சைவத்தின் காவலராய் விளங்கியவர். அவரே இளமையில் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர் என்பதும் வரலாறு. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. பிறர் நூலை ஆழ்ந்து கற்பதால் தம் நெறி குன்றும் என்று அவர் அஞ்சவில்லை.

மகிமை என்னும் சொல்

கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவே நிற்பது மகிமை என்னும் சொல். இதற்கு எபிரேய மொழியில் வழங்கும் சொல் காவோத். அதன் வேர்ப்பொருள் பாரம், கனம் என்பதாகும். கனமுள்ளதே மதிப்புள்ளது என்ற எண்ணத்திலிருந்து, இறைவனின் மாட்சிக்கும் பேரொளிக்கும் அச்சொல் பெயராயிற்று. கனம் பொருந்தியவர் என்று நாம் ஒருவரை மதித்துச் சொல்லுவதிலும் இதே கருத்து மறைந்திருக்கிறது. இதனை நன்கறிந்த புனித பவுல், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இவ்வுலகத் துன்பம் இலேசானது என்றும், வரப்போகும் மகிமையே பாரமானது என்றும் இரண்டையும் தராசில் வைத்துக் காட்டுகிறார்.

தராசு என்றதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் இடமே நினைவுக்கு வரும். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்தின் நிறையைக் கொண்டே அங்கு ஒருத்தியின் நாட்கூலி முடிவாயிற்று. அவள் சுமந்த பாரம் கணக்கேட்டில் ஏறிற்று. அவளுடைய கனம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மனிதரின் கனத்தை நிறுக்கும் வேறொரு தராசு உண்டு என்பதே பவுலின் செய்தி.

அவர் கூறும் நம்பிக்கையை நான்கு கூறுகளாக மாணாக்கர் மனத்தில் பதித்துக்கொள்ளலாம். முதலாவது, அது கொடையாகும். இயேசு கிறிஸ்து இறந்து உயிர்த்தெழுந்ததனால் கிடைப்பது, மனிதன் தன் முயற்சியால் ஈட்டுவதன்று. இரண்டாவது, அது பங்காகும். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், விசுவாசிகள் கிறிஸ்துவோடு உடன் வாரிசுகள் என்றும், அவரோடு பாடுபடுவோர் அவரோடு மகிமையும் அடைவர் என்றும் பவுல் உரைக்கிறார். மூன்றாவது, அஃது உயிருக்கு மட்டும் உரியதன்று, உடலும் எழும். மண்ணில் விழுந்த விதை வேறொரு வடிவில் முளைப்பது போல, மதிப்பிழந்து விதைக்கப்பட்ட உடல் மகிமையோடு எழும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கூறுகிறது. நான்காவது, அது தனியொருவனின் விடுதலையோடு நின்றுவிடாது. படைப்பு முழுவதுமே அழிவின் அடிமைத்தனத்தினின்று விடுபடக் காத்திருக்கிறது.

மனிதன் இறைவனாகவே மாறிவிடுவான் என்பது இதன் பொருளா? அன்று. திருச்சபையின் பண்டை ஆசிரியர்கள் நெருப்பிலிட்ட இரும்பை உவமை காட்டினர். இரும்பு தீயைப் போல ஒளிரும், தொட்டாரைச் சுடும், எனினும் அஃது இரும்பேயாம். அவ்வாறே படைக்கப்பட்டவன் படைத்தவனின் ஒளியால் நிறைவான், தான் அவனாகான். கத்தோலிக்கர் இந்நிறைவுக்கு முன் உயிர் தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டென நம்பி, நவம்பர் 2-ஆம் நாளாகிய கல்லறைத் திருநாளில் இறந்தோருக்காக மன்றாடி மெழுகுதிரி ஏற்றுவர். சீர்திருத்தச் சபையார் அந்நிலையை ஏற்பதில்லை. மகிமையின் நம்பிக்கை இருசாராருக்கும் பொதுவாகும்.

சைவர் நோக்கில்

சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இச்செய்தி முற்றும் புதிதன்று. சரியை நெறியில் நின்றோர் சாலோகமும், கிரியை நெறியில் நின்றோர் சாமீபமும், யோக நெறியில் நின்றோர் சாரூபமும், ஞான நெறியில் நின்றோர் சாயுச்சியமும் எய்துவர் என்பது நம் நூற்கொள்கை. இறைவன் உலகில் வாழ்தல், அவன் அருகிருத்தல், அவன் உருவைப் பெறுதல், அவனோடு இரண்டறக் கலத்தல் என்பன அந்நான்கு பேறுகள். அக்கலப்பிலும் உயிர் அழிந்தொழிவதில்லை. சிவானந்தத்தை நுகரும் அடிமையாகவே நிற்கும் என்று சித்தாந்தம் சாதிக்கிறது. இரும்பும் தீயும் என்ற உவமையைச் சைவர் புரிந்துகொள்ளத் தடையில்லை.

வேற்றுமை எங்கே உள்ளது? உடலைப் பற்றிய இடத்திலே உள்ளது. மலையகத் தோட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை நினைத்துப் பார்ப்போம். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதிதேவி புலம்புகிறாள். அவள் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் அவனை எழுப்புகிறான். ஆயினும் எழுந்தவன் உருவிலி. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். கணவனையும் மகனையும் தோட்டத்தில் பறிகொடுத்த பெண்கள் எத்தனை பேர் அந்தப் புலம்பலில் தம் துயரைக் கேட்டிருப்பார்கள்! இறந்தவனை அன்புள்ளவளின் கண் மட்டும் காண்கிறது என்னும் அக்கதையில் ஆழ்ந்த உண்மை உண்டு. கிறிஸ்தவ நம்பிக்கை இதனின்றும் வேறொன்றைக் கூறுகிறது. எழுந்தவர் எல்லாரும் காண எழுவார். உழைத்துத் தேய்ந்த அந்த உடலே மாட்சி பெறும். பிறப்பறுத்து உடலின் தளையினின்று நீங்குவதை வீடு என்று கருதும் நமக்கு இஃது அயலானதே. ஆயினும் உடலால் உழைத்தே பிழைத்த ஒரு மக்கட் கூட்டத்தாருக்கு அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை உணர முடிகிறது.

ஒரு நியாயமான ஐயம்

இங்கே ஓர் ஐயம் எழும். மறுமையில் மகிமை உண்டு என்று கூறி, இம்மையில் மனிதரை அடங்கியிருக்கச் செய்வதன்றோ இது? கார்ல் மார்க்ஸ் 1844-இல் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டார். மலையகத்தில் இவ்வையத்துக்குக் காரணமும் உண்டு. உபதேசியார்களை அனுப்பிய மிஷனுக்குத் தோட்டத் துரைமார் பலர் பொருளுதவி செய்தனர். கூலியைக் குறைத்த கையே போதகருக்கும் ஊதியம் கொடுத்ததாயின், போதனையில் எதற்கு அழுத்தம் தரப்பட்டிருக்கும் என்று ஒருவர் கேட்பது முறையே. இவ்வையத்துக்கு விடையை அந்த வேதநூலிலேயே தேடலாம்.

பிலிப்பியில் ஒரு சிறைவாசி

பவுல் சிறையிலிருந்து பிலிப்பி நகரத்தாருக்கு ஒரு நிருபம் எழுதினார். அதன் மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில், நம்முடைய குடியுரிமை விண்ணகத்தில் உள்ளது என்றும், அங்கிருந்து வரும் கிறிஸ்து நம் தாழ்ந்த உடலைத் தம் மகிமையான உடலுக்கு ஒப்பாக மாற்றுவார் என்றும் கூறுகிறார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல் அரசியல் வழக்குச் சொல்லாகும். பிலிப்பி உரோமையரின் குடியேற்ற நகரம். போரில் சேவை செய்த வீரர்களைக் குடியமர்த்தி வளர்ந்தது. உரோமைக் குடியுரிமை அந்நகரத்தாருக்குப் பெருமை. அதை உடையார்க்கும் இல்லார்க்கும் ஒருங்கே பவுல் வேறொரு குடியுரிமையை அறிவித்தார்.

அப்படியானால் மண்ணகக் குடியுரிமை அவருக்குப் பொருட்டில்லையோ? அதே பிலிப்பியில் முன்பு நடந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம் சொல்லுகிறது. அதிகாரிகள் பவுலையும் அவர் தோழர் சீலாவையும் விசாரணையின்றிப் பிரம்பால் அடித்துச் சிறையிலிட்டனர். மறுநாள், சத்தமின்றிப் போய்விடும்படி ஆள் அனுப்பினர். பவுல் போக மறுத்தார். உரோமைக் குடிமக்களாகிய எம்மை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாமே வந்து எம்மை அழைத்துச் செல்லட்டும் என்றார். அதிகாரிகள் அஞ்சி, வந்து வேண்டிக்கொண்டனர். விண்ணகக் குடியுரிமையை நம்பியவர் மண்ணக உரிமையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. மகிமைக்கு உரிய உடலை அடிக்க எவனுக்கும் அதிகாரமில்லை என்று அவர் அறிந்திருந்தார்.

குடியுரிமை இழந்தோர்

இந்த நிருபத்தை மலையகத்தில் வாசிக்கும்போது அதற்கு வேறு எங்கும் இல்லாத ஒரு கூர்மை பிறக்கிறது. சுதந்திரம் பெற்ற இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. 1974-இல் அவர்களும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். மலையகத்துப் புகையிரத நிலையங்களில், போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுதனர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற அப்புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்களே பெயரிட்டனர். இறந்தவர்க்குப் பாடும் ஒப்பாரியை உயிரோடு பிரிந்தவர்க்குப் பாடிய காலம் அது. நாடற்றவர் என்ற நிலை முற்றாக நீங்குவதற்கான சட்டம் 2003-ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடையில் சென்றவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

பவுலின் அச்சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் குடியிருப்பு என்று பெயர்த்தது. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு தாய்நாடு என்று பெயர்த்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையைக் குடியிருப்பாகக் கொண்டவனும், எந்த நாட்டையும் தாய்நாடென்று சட்டப்படி சொல்ல இயலாதவனும் இச்சொற்களை ஆலயத்தில் கேட்டிருப்பான். அவற்றை அவன் ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். வழக்குரையாகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம். இறைவன் தன்னைக் குடிமகனாக ஏற்றுக்கொண்ட பின், ஓர் அரசு ஏற்க மறுப்பது எவ்வாறு நியாயமாகும் என்பதே அவ்வழக்கு.

அவ்வழக்கைக் கையில் எடுத்தோரும் இருந்தனர். இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972-இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் அதில் ஒருங்கே பணியாற்றினர். தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, குடியுரிமை ஆகியவற்றுக்காக 2017-இல் மறையும் வரை அவர் எழுதியும் பேசியும் வந்தார். மறுமையை நம்பிய குருவே இம்மையின் உரிமைக்காக வாதாடினார். பவுலைச் செம்மையாகக் கற்றவரிடம் இவ்விரண்டும் முரண்படுவதில்லை.

ஒக்ஸ்போர்டில் 1941 ஜூன் மாதத்தில் ஸி. எஸ். லூயிஸ் என்னும் அறிஞர் மகிமையின் பாரம் என்ற பொருளில் ஒரு பிரசங்கம் செய்தார். தனக்கு வரப்போகும் மகிமையை ஒருவன் அளவுமீறி எண்ணுதல் கூடும். அயலானின் மகிமையை எவ்வளவு எண்ணினாலும் தகும் என்பது அவர் கருத்து. அயலானுக்குரிய அம்மகிமையின் பாரத்தை நாள்தோறும் நம் முதுகில் சுமக்கவேண்டும் என்றார். முதுகில் சுமப்பது யாது என்பதை மலையகத்துத் தாய்மாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அவர்கள் சுமந்த கூடையின் பயனை உலகெங்கும் தேநீராகப் பருகுவோருக்கே இது விளக்கப்படவேண்டும்.

பெயரை எழுதி வையுங்கள்

2023-ஆம் ஆண்டில், மலையகத் தமிழரின் முன்னோர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றனர். முன்னோர் வீழ்ந்த வழியில் பின்னோர் நடந்தது, இறந்தோருக்கு எழுப்பிய ஒரு நினைவுக் கல் எனலாம். கல் வைக்க வசதியற்றோர் காலால் வைத்த கல் அது.

மறுமையில் மகிமை உண்டோ இல்லையோ என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெறிப்படி முடிவு செய்வர். கிறிஸ்தவர் தம் விசுவாசத்தில் நிற்பர். சைவர் திருவடிப் பேற்றை நாடுவர். ஆயினும் அந்நம்பிக்கை கேட்கும் ஒரு காரியத்தை எந்த நெறியினரும் செய்யலாம். இறந்தவர் எவரும் பெயரற்றவர் அல்லர் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கையின் உட்பொருள். இறைவன் பெயர் சொல்லி எழுப்புவான் என்றே அவர்கள் நம்புகின்றனர். அப்படியிருக்க, நம் வீட்டில் அந்தப் பெயர்களை நாம் அறிவோமா? கடல் கடந்து முதன்முதல் வந்த பாட்டன் யார்? எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டான்? வழியில் இறந்த அவன் தங்கையின் பெயர் என்ன? எந்த மலையில் அவன் மனைவி புதைக்கப்பட்டாள்?

மாணாக்கர்கள் இன்றே தம் வீட்டிலுள்ள முதியோரிடம் இவற்றைக் கேட்பார்களாக. அப்புச்சியும் அம்மாயியும் இன்னும் சில பெயர்களை நினைவில் வைத்திருக்கக்கூடும். ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் அவற்றை எழுதி, தெரிந்த அளவு ஊரையும் ஆண்டையும் சேர்த்துவைத்தால் போதும். கிறிஸ்தவக் குடும்பத்தார் அதனை நவம்பர் மாதத்தில் ஆலயத்துக்கு எடுத்துச் செல்லட்டும். சைவக் குடும்பத்தார் ஆடி அமாவாசையிலே அப்பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கட்டும். துரைமாரின் பெயர்களைக் கல் காத்துக்கொண்டிருக்கிறது. நம்மவர் பெயர்களைக் காக்க வேண்டியவர்கள் நாமே.